நெல்லைச் சீமையில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளை, டவுன், மேலப்பாளையம், அம்பை, வள்ளியூர் என்று எந்தப் பக்கம் போனாலும், உடம்புக்காகவும் மனசுக்காகவும் மறுபடி சைக்கிள் எடுத்தவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பதில்கள் இந்த மண்ணின் வெயில், காற்று, முள் மூன்றையும் மனதில் வைத்து எழுதியவை. பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. காலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு, வழியில் டீ குடித்துவிட்டு, பிள்ளைகளோடு பத்திரமாக வீடு திரும்ப நினைக்கிறவர்களுக்கானது.

சைக்கிளத் தொட்டு இருவது வருசமாச்சு. இப்ப ஏறுனா ஓட்ட வருமா? கால் புடிச்சுக்கிடுமா?

ஓட்ட வரும். பேலன்ஸ் மறக்காது. ஆனால் உட்காரும் இடமும் தொடையும் இருபது வருடத்தை மறந்துதான் போயிருக்கும். முதல் வாரம் 5 கிலோமீட்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டாம் வாரம் 8. ஒரு மாதத்தில் 15 கிலோமீட்டர் போய் வருவது சிரமமாகவே இருக்காது. முதல் நாளே 30 போய்விட்டு அடுத்த பத்து நாள் சைக்கிளைச் சுவரில் சாத்தி வைப்பவர்கள்தான் அதிகம்.

உட்காரும் இடத்து வலி இரண்டு வாரத்தில் தானாகக் குறையும். அதற்காக மெத்து மெத்தென்ற ஜெல் சீட் கவர் வாங்க வேண்டாம். அது அமுங்கி நரம்பை அழுத்துவதால், அரை மணி நேரத்தில் மரத்துப்போகும். முட்டி வலி வந்தால் அது வேறு விஷயம். சீட் உயரம் பற்றிய பதிலைப் பாருங்கள்.

கியர் சைக்கிள்தான் வாங்கணுமா அண்ணாச்சி? சாதா சைக்கிள் போதாதா?

திருநெல்வேலியைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குச் சமதளம்தான். பாலம் ஏறுவதைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்குச் சாதா சைக்கிளே போதும். இங்கே கியர் உதவுவது மேட்டுக்கு இல்லை, காற்றுக்கு. ஆனி, ஆடியில் மேற்கே பார்த்துப் போகும்போது எதிர்க்காற்று ஒரு மலை ஏற்றத்துக்குச் சமம். அப்போது பின்னால் 7 கியர் இருந்தால் முட்டி தப்பிக்கும்.

முன்னால் ஸ்பிரிங் வைத்த சைக்கிளைக் கடையில் பலமாகச் சிபாரிசு செய்வார்கள். விலை குறைந்த வண்டியில் அந்த ஸ்பிரிங் வெறும் எடை. ஸ்பிரிங் இல்லாத நேர் போர்க் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை), கொஞ்சம் அகலமான டயர், மட்கார்டு, கேரியர் போட இடம், இவ்வளவும் இருந்தால் அதுவே நம் ஊருக்கு ஏற்ற சைக்கிள்.

பிளஸ் ஒன்னுல பிள்ளைக்கு கவர்மெண்டு குடுத்த சைக்கிள் வீட்ல சும்மாதான் கெடக்கு. அதுலயே முப்பது கிலோமீட்டர் போலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு ஓவராயில் செய்யாமல் போகாதீர்கள். சும்மா கிடந்த சைக்கிளில் கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி ஆகியிருக்கும். அப்படியே ஓட்டினால் பால்ரஸ் (அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகள்) தேய்ந்து, அவை உருளும் கோனில் பள்ளம் விழும். கடையில் கொடுக்கும்போது முன் ஹப், பின் ஹப் (சக்கரங்களின் நடுப்பகுதி), பெடல் அச்சு (இரண்டு பெடல் தண்டும் சேரும் நடு அச்சு) மூன்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பால்ரஸ் பழையதும் புதியதும் கலக்கக்கூடாது. ஒரு பக்கத்துக்கு மாற்றினால் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும். முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், பின் ஹப்புக்கும் பெடல் அச்சுக்கும் 1/4 அங்குலம்.

பிரேக் கட்டை கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருந்தால் நான்கையும் மாற்றுங்கள். டயர் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் டயரையும் மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டால் அது புதுச் சைக்கிளுக்குச் சளைத்ததில்லை.

சீட்டு எவ்ளோ உயரத்துல வைக்கணும்? ரெண்டு காலும் தரையில ஊணணும்லா?

பழகும் பிள்ளைக்கு ஊன்ற வேண்டும். ஓட்டத் தெரிந்த பெரியவருக்கு வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடியில் கொண்டுபோய்க் குதிகாலை அதன் மேல் வையுங்கள். முட்டி நேராக நிற்க வேண்டும். பிறகு விரல் பக்கத்துப் பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. முட்டிக்குப் பின்னால் இழுத்தால் சீட் உயரம். ஒரே நாளில் இரண்டு அங்குலம் மாற்ற வேண்டாம்; அரை விரற்கடை மாற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

காத்து எவ்ளோ அடிக்கணும்? பெட்ரோல் பங்க்ல அடிக்கலாமா?

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவே எல்லை. அதற்குள், 26 அங்குலத்தில் 1.95 அகல டயர் என்றால் 40 முதல் 50 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.). 700 அளவுச் சக்கரத்தில் 35 எம்.எம். அகலம் என்றால் 55 முதல் 65. நம் எடை பின்னால்தான் அதிகம் இறங்குகிறது, அதனால் முன்சக்கரத்துக்கு 5 பாயிண்ட் குறைவாக வைக்கலாம். பழைய மாடல் வால்வில் அளவுமானி வேலை செய்யாது. அதற்குக் கட்டைவிரல்தான் அளவு: பலமாக அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்க வேண்டும்.

கார் வால்வு மாதிரி தடித்த வால்வு உள்ள சைக்கிளுக்குப் பங்க்கில் அடிக்கலாம், ஆனால் கவனம். கார் டயரில் ஒரு நிமிடம் போகும் காற்று சைக்கிள் டியூபில் சில நொடியில் நிரம்பிவிடும். டப் டப் என்று விட்டு விட்டு அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் டயரைத் தொட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரு நின்று அடிக்கும் பம்பு இருந்தால் இந்தக் கவலையே இல்லை. வாரம் ஒரு முறை அடியுங்கள். ஓட்டாமல் வைத்திருந்தாலும் காற்று இறங்கும்.

எங்க போனாலும் பஞ்சர். வாரத்துக்கு ரெண்டு தடவ. என்னதான் பண்ண?

இங்கே பஞ்சருக்குக் காரணம் மூன்று முள். சீமைக்கருவேல முள் நீளமானது. குத்தியதும் முனை மட்டும் டயருக்குள் ஒடிந்து நிற்கும். விறகும் கரிக்கட்டையும் ஏற்றிப்போகும் டிராக்டர்களிலிருந்து சிம்பு சிம்பாக ரோட்டோரம் விழுவதும் இதுதான். ஆட்டுக்குத் தழை ஒடித்த இடத்தில் உடைமுள் கிடக்கும், வெள்ளையாக, ஊசி மாதிரி. மூன்றாவது நெருஞ்சி. மழைக்குப் பிறகு ரோட்டோரத்தில் மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்திருக்கும். தை, மாசியில் காய்ந்து முள் உதிரும். லாரிக்கு வழி விடுகிறோம் என்று தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கினால், ஏறும்போது நாலைந்து நெருஞ்சி டயரில் ஒட்டிக்கொண்டே வரும்.

ஆகவே முதல் மருந்து, தாரிலேயே இடது விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உள்ளே ஓட்டுவது. குப்பை, கண்ணாடி, முள் எல்லாம் வண்டிக் காற்றில் ஓரத்துக்குத்தான் ஒதுங்குகின்றன. இரண்டாவது, பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, வால்வுப் பகுதியை வெட்டிவிட்டு, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே விரிப்பது. கொஞ்சம் எடை கூடும், நெருஞ்சி பெரும்பாலும் நின்றுவிடும். மூன்றாவது, வீட்டுக்கு வந்ததும் டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. பல முட்கள் குத்திய அன்றைக்கே டியூபைத் தொடுவதில்லை. அடுத்த சவாரியில்தான் உள்ளே இறங்குகின்றன.

ஒன்று முக்கியம்: முள்ளைப் பிடுங்காமல் டியூபை மட்டும் மாற்றினால் பத்தாவது நிமிடம் திரும்பப் பஞ்சர். டயருக்கு உள்ளே ஒரு பழைய பருத்தித் துணியை விட்டுச் சுற்றிலும் துடையுங்கள். ஒடிந்த முனை இருக்கும் இடத்தில் துணி நூல் சிக்கும். வெறும் விரலை விட்டால் விரலில் ஏறும்.

நானே ஒட்டுனா ரெண்டு நாள்ல ஒட்டு விட்டுருது. கடைக்காரர் ஒட்டுனா நிக்குது. என்ன மாயம்?

பொறுமைதான் மாயம். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் டியூபின் மினுமினுப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். டியூபின் நீளத்துக்கு ஓடும் மெல்லிய வரப்பு குறுக்கே வந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள். காற்று கசிவது அந்த வரப்பு ஓரமாகத்தான். பிறகு ஒட்டைவிட அகலமாகச் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டக்கூடாது. நாலைந்து நிமிடம் காயவிட்டு, புறங்கையால் தொட்டால் கையோடு வராமல் இருக்கும்போது ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். கடைசியாகக் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் காரணத்தைச் சொல்லும். வெளிப்பக்கம் என்றால் முள். ரிம் பக்கம் என்றால் ஸ்போக்ஸ் முனை குத்துகிறது, ரிம் நாடாவை மாற்றுங்கள். பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கொத்தின மாதிரி இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறங்கி ரிம் நசுக்கியிருக்கிறது.

வழியில் உட்கார்ந்து ஒட்டுவதைவிட, ஒரு புது டியூபை மாற்றிக்கொண்டு பழையதை வீட்டில் ஒட்டுவது நல்லது. பையில் டியூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு, சக்கர நட்டுக்கு 15 எம்.எம். ஸ்பேனர், 4, 5, 6 எம்.எம். எல்-கீ, துணி ஒன்று இருந்தால் போதும்.

காத்து அடிச்சா ராத்திரிக்குள்ள எறங்கிருது. தண்ணியில முக்கிப் பாத்தா ஓட்டையே இல்ல.

சாதா சைக்கிள் என்றால் வால் டியூபைப் பாருங்கள். வால்வுக் கம்பியின் மேல் போர்த்தியிருக்கும் அந்தச் சின்ன ரப்பர் குழாய் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வெடித்துப்போகும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் அதுதான். புதியதைத் தண்ணீரில் நனைத்து, ஓட்டையைத் தாண்டி மூடும்படி மாட்டுங்கள். இதற்காகச் சைக்கிளையே நிறுத்தி வைத்தவர்கள் உண்டு.

செயின் அடிக்கடி கழண்டு விழுது. கையெல்லாம் கரி.

சாதா சைக்கிளில் முக்கால்வாசி நேரம் செயின் தொய்வுதான். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பின்னால் இழுத்து இறுக்குங்கள். ஒரு பக்கம் அதிகமாக இழுத்தால் சக்கரம் சாய்ந்து போர்க்கில் உரசும். சக்கரம் நகர்ந்தால் பிரேக் கட்டையும் ரிம்மை விட்டு விலகும், அதையும் சரி பார்க்க வேண்டும்.

கியர் சைக்கிளில் கீழே விழுந்த பிறகு இந்தத் தொல்லை வந்தால், பின்கியர் தொங்கும் காது வளைந்திருக்கும். அந்த நிலையில் பெரிய பல்லுக்கு மாற்றாதீர்கள், கியர் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சக்கரத்தையே பிய்த்துவிடும்.

மாட்டும்போது: பின்பல்லில் முதலில் ஏற்றுங்கள். முன்பல்லின் மேல்பக்கம் இரண்டு, மூன்று பல்லில் பிடிக்க வைத்து, பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலை மெல்ல முன்னால் சுற்றுங்கள். பெடல் சுற்றும்போது கை செயின் பக்கம் இருக்கவே கூடாது. பிள்ளைகள் விரலை விடுவது இந்த நேரத்தில்தான்.

செயினுக்குத் தேங்காண்ணெய் விடலாமா?

வேண்டாம். கொஞ்ச நாளில் பிசுபிசுத்து, மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கழிவு ஆயிலும் அப்படித்தான். முதலில் துணியால் செயினைத் துடைத்து, தையல் மெஷின் ஆயிலை உருளைக்கு ஒரு சொட்டு வீதம் உள்பக்கமாக விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே பளபளக்கக்கூடாது.

காலையில எத்தன மணிக்கு கெளம்பணும்? எட்டு மணிக்கெல்லாம் தல சுத்துது.

தையில் சூரியன் எழ 6.35-க்கு மேல் ஆகும், வைகாசியில் 6 மணிக்கே வந்துவிடும். பங்குனி முதல் ஆவணி வரை முதல் வெளிச்சத்தில் கிளம்பி 8 மணிக்குள் வீட்டில் இருப்பது போல் தூரத்தை வையுங்கள். இருட்டோடு கிளம்பினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். ரிஃப்ளெக்டர் மட்டும் போதாது.

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் உப்பும் வேண்டும்: ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட மோர், நீராகாரம், இளநீர் எல்லாமே நல்லது. பையில் கடலை மிட்டாயோ ஒரு துண்டு கருப்பட்டியோ வைத்திருங்கள். வெறும் வயிற்றில் 20 கிலோமீட்டர் போனால் தலை சுற்றத்தான் செய்யும்.

கூட வருகிறவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு கொதித்தாலோ அது சாதாரண மயக்கம் இல்லை. நிழலில் படுக்கவைத்து, சட்டையை நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஆனி ஆடியில சைக்கிள் எடுக்கவே முடியல. காத்து ஆளையே தள்ளுது.

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பிதுங்கிக்கொண்டு நம் பக்கம் இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் விழுவதும், பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கும். இதை வைத்தே திட்டம் போடலாம். அதிகாலையில் மேற்கே போங்கள், சேரன்மகாதேவி, அம்பை என்று. திரும்பும்போது காற்று முதுகில். இதையே மாற்றி, காற்றோடு கிழக்கே ஸ்ரீவைகுண்டம் வரை சிரித்துக்கொண்டே போனவர்கள் திரும்பி வர இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆபத்து எதிர்க்காற்றில் இல்லை, பக்கக்காற்றில். வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு ரோட்டில் பஸ் ஒன்று நம்மைக் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்றுவிடும். நாம் காற்றுக்குச் சாய்ந்தே ஓட்டிக்கொண்டிருந்ததால் அந்த நொடி பஸ் பக்கமே சாய்வோம். பஸ் போனதும் காற்று திரும்ப மோதும். கைப்பிடியை இறுக்காமல், முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, பின்னால் சத்தம் கேட்டதும் வேகத்தைக் குறையுங்கள். அந்த மாதங்களில் பிள்ளைகளை அந்த ரோட்டுக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்குடுக்க? சைடு வீல் போடலாமா?

சைடு வீல் பெடல் மிதிக்கக் கற்றுத்தரும், பேலன்ஸ் கற்றுத்தராது. பிள்ளைக்குத் தெரியாதது பேலன்ஸ்தான். அதனால் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். 15 எம்.எம். ஸ்பேனர் போதும், வலது பெடல் வழக்கம்போல் கழலும், இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும்.

சீட்டைப் பாதம் முழுவதும் தரையில் படும் அளவுக்கு இறக்குங்கள். ஊர்க் களமோ பள்ளி மைதானமோ, லேசான சரிவு இருந்தால் நல்லது. முதலில் உட்கார்ந்தபடி நடக்கட்டும். பிறகு உந்தி உந்திப் போகட்டும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்தடி போக வந்துவிட்டால் பெடலை மாட்டுங்கள். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டிய வேலை இல்லை. வளர்ந்துகொள்வான் என்று பெரிய சைக்கிள் வாங்காதீர்கள். அந்தக் காலத்தில் குரங்கு பெடல் போட்டுப் பழகினோம் என்று தாத்தாமார் சொல்வது உண்மைதான். அந்தத் தழும்புகளும் உண்மைதான்.

சின்னவன கேரியர்ல வச்சுக் கூட்டிட்டுப் போலாம்லா? எல்லாரும் அப்படித்தான போறாவ.

இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறோம்: கால் வைக்க இடமில்லாத வெறும் கேரியரில் சின்னப் பிள்ளையை ஏற்றாதீர்கள். தூக்கம் வந்தாலோ, வேடிக்கை பார்த்தாலோ கால் தொங்கி ஸ்போக்ஸுக்குள் போகும். சைக்கிளில் பிள்ளைகளுக்கு வரும் மோசமான காயங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். சக்கரம் ஒரு சுற்றில் நின்றுவிடும், அதற்குள் குதிகால் தோலைச் சீவியிருக்கும். முதுகுச் சாய்வு, இடுப்புப் பட்டை, காலை நிறுத்தும் தொட்டி மூன்றும் உள்ள குழந்தை சீட்டைப் போடுங்கள். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலைக் கார்டு வைத்தால் சேலை, துப்பட்டா சிக்குவதும் நிற்கும்.

கால் சிக்கிவிட்டால் சைக்கிளை முன்னால் தள்ளாதீர்கள். ஒருவர் பிள்ளையைத் தாங்க, இன்னொருவர் சக்கரத்தைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றி விடுவிக்க வேண்டும். வராவிட்டால் ஸ்போக்ஸை வெட்டுங்கள், கம்பி போனால் போகட்டும். ஓடும் சுத்தமான தண்ணீரில் பத்து நிமிடம் கழுவி, சுத்தத் துணியால் மூடி, காலை உயர்த்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காப்பிப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. காயம் சின்னதாகத் தெரிந்தாலும் காட்ட வேண்டும்: நசுங்கிய தோல் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் கறுக்கும். எலும்பு விரிசல் எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

குடும்பத்தோட போக நல்ல ரோடு சொல்லுங்க.

மேலப்பாளையம் தாண்டி முன்னீர்பள்ளம், தருவை, பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவி போகும் பக்கம் வயலும் வாய்க்காலும் கூடவே வரும். மொத்தம் 20 கிலோமீட்டர் அளவு. மெயின் ரோட்டில் பஸ் உண்டு, அதனால் பிள்ளைகளோடு ஊர்களுக்குள் பிரியும் கிளை ரோடுகளில் சுற்றுங்கள். பத்தமடையில் பாய் நெய்வதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பறவை பார்க்க வேண்டும் என்றால் கூந்தன்குளம். நெல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அது தூரம். சைக்கிள்களை ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றி மூலைக்கரைப்பட்டியில் இறக்கி அங்கிருந்து ஓட்டலாம். தை முதல் சித்திரை வரை கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் அவற்றுக்காகப் பட்டாசே வெடிப்பதில்லை. நாமும் பெல் அடிக்காமல், சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை.

கிருஷ்ணாபுரம் கோயில் 12 கிலோமீட்டர்தான் என்றாலும் திருச்செந்தூர் ரோட்டு வேகத்துக்குப் பிள்ளைகள் சரிப்படாது. பெரியவர்கள் போகலாம். காலையில் கிழக்கே போகும்போது, நமக்குப் பின்னால் வரும் டிரைவர் கண்ணிலும் வெயில் அடிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நம்மைப் பார்ப்பது அவருக்குச் சிரமம். சாயங்காலம் மேற்கே திரும்பும்போதும் இதே கதை. சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

விடியக்காலம் நாய் விரட்டுது. மிதிச்சு ஓடிரலாமா?

ஓடினால் துரத்தும். வேகத்தைக் குறைத்து இறங்கி, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, கண்ணைப் பார்த்து முறைக்காமல் நடங்கள். அதன் எல்லை தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள், கட்டுப் போடாதீர்கள். அன்றைக்கே ஊசி போட வேண்டும். பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் போடுகிறார்கள். சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூட விடாமல் போட்டு முடிக்க வேண்டும்.

ரோட்டுல நெல்லு காயப்போட்டிருக்காவ. மேல ஓட்டிட்டுப் போலாமா?

கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்து அறுப்பிலும் இந்தக் காட்சி உண்டு. தாரின் மேல் நெல் பால்ரஸ் மாதிரி உருளும். அதில் பிரேக் பிடித்தாலோ திருப்பினாலோ சக்கரம் வழுக்கும். அது ஒருவரின் பல மாத உழைப்பு என்பதும் இருக்கிறது. இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். வைக்கோல் என்றால் ஒரு பிரி பின்பல் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு செயினை இறுக்கிவிடும். அறுப்பு மெஷின் ஏறி இறங்கிய இடத்தில் களிமண் கட்டி கிடக்கும், மழை தூறினால் அது சோப்பு.

உவரிக்குப் போயிட்டு வந்தேன். மூணே நாள்ல செயின் செவந்துபோச்சு.

உப்புக்காற்று. கடற்கரை போய் வந்த அன்றே நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றிக் கழுவுங்கள். ஹப் பக்கம் பீய்ச்சி அடிக்க வேண்டாம், கிரீஸ் கரைந்துவிடும். துடைத்து, வெயிலில் அரை மணி வைத்து, மேலே சொன்னபடி எண்ணெய் விடுங்கள். தேரி மணலில் ஓட்டியிருந்தால் பிரேக் கட்டையில் மணல் பதிந்திருக்கும். ஊசியால் குத்தி எடுக்காவிட்டால் ரிம்மை அரம் போல் அறுக்கும்.

மாஞ்சோலைக்கு சைக்கிள்ல போலாமா?

அது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி இல்லாமல் தாண்ட முடியாது, தாண்ட முயலவும் வேண்டாம். யானைக்கும் கரடிக்கும் சைக்கிள் வரும் சத்தம் கேட்காது. வளைவில் நேருக்கு நேர் நிற்க நேரும். மணிமுத்தாறு அணை, பாபநாசம் கோயில் வரை ஓட்டினாலே மலை முழுவதும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். கடையம், சிவசைலம் மாதிரி அடிவாரத்து ஊர்களில் நன்றாக விடிந்த பிறகே ஓட்டுங்கள்.

கீழ விழுந்துட்டேன். எந்திரிச்சிட்டேன், வண்டியும் ஓடுது. அப்படியே போலாம்லா?

பத்து நிமிடம் உட்காருங்கள். பதற்றத்தில் வலி தெரியாது. இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் காறை எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். தலையில் அடி பட்டிருந்தால், வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரி, தனியாகவும் இருக்கக்கூடாது. ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால், வெடிப்பு தெரியாவிட்டாலும் அதன் வேலை முடிந்தது. புதுசு வாங்குங்கள்.

வண்டியில் முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே பிடித்துக் கைப்பிடியை நேராக்குங்கள். சக்கரத்தைச் சுற்றி, பிரேக் கட்டைக்கு நடுவே ஆடாமல் ஓடுகிறதா பாருங்கள். கொஞ்சம் ஆடினால் கடையில் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். முன் போர்க் பின்னால் வளைந்திருந்தாலோ, பெயிண்ட் சுருங்கி நின்றாலோ ஏறவே வேண்டாம். கியர் வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால், செயின் கேள்வியில் சொன்ன காதைப் பாருங்கள்.

வீட்ல அவுக முன்னால போயிருதாவ. நானும் பிள்ளையளும் பின்னால கெடந்து தவிக்கோம். என்ன செய்ய?

உங்கள் வீட்டுக்காரரைப் பின்னால் வரச் சொல்லுங்கள். குடும்பமாகப் போகும்போது வேகமாக ஓட்டுகிறவர் இடம் கடைசி, பிள்ளை நடுவில், மெதுவாக ஓட்டுகிற பெரியவர் முன்னால். அப்போது வேகத்தை வைப்பவர் மெதுவானவர், எல்லோரையும் கண்ணில் வைத்திருப்பவர் பலசாலி. பெரியவர் ஒருவர்தான் என்றால் பிள்ளையை முன்னால் விட்டு, அதற்குச் சற்று வலப்புறமாகப் பின்னால் வாருங்கள். வண்டிகள் உங்களைச் சுற்றித்தான் போகும். திருப்பம் வரும் இடத்தில், முதலில் போய்ச் சேர்ந்தவர் கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கும்வரை கிளம்பக்கூடாது. கடைசி ஆள் வந்ததும் உடனே கிளம்பினால் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு 16 அங்குலச் சைக்கிளில் மொத்தம் 4, 5 கிலோமீட்டர். ஒன்பது, பத்து வயதில் 20 அங்குலச் சைக்கிளில் 8 முதல் 10. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமாக மிதிக்க வேண்டும். வீட்டிலிருந்து பார்க்கும்போது அது நமக்குத் தெரிவதில்லை. நடுவில் ஒரு குளத்துக்கரை, ஒரு நுங்குக் கடை என்று நிற்க இடம் வைத்துக்கொண்டால் பிள்ளையே அடுத்த ஞாயிற்றுக்கிழமை டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும்.